நான்கால் பெருக்கிய வரி

ஒரு மனிதனின் மூச்சை எட்டு எண்களாக எழுதி வைத்திருக்கிறேன். 5200, 4100, 3300, 2600, 1900, 1300, 800, 350. ஒவ்வொன்றுக்கும் என் நாட்குறிப்பில் தேதியும் கிழமையும் உண்டு. இவை மருத்துவமனையில் எடுத்த எண்கள் அல்ல. எமுலேட்டர் ஒன்றின் மைக் பகுதியில் நான் கைப்பட மாற்றிய எண்கள்.

எமுலேட்டர் என்பது ஒரு பழைய விளையாட்டுக் கருவியைப் போலக் கணினியை நடந்துகொள்ள வைக்கும் நிரல். நாங்கள் எழுதுவது இரண்டு திரைகள் கொண்ட ஒரு கைக்கருவிக்கானது. அந்தக் கருவியில் சின்ன மைக் ஒன்று உண்டு. சில விளையாட்டுகளில் அதில் ஊத வேண்டும். ஊதினால் திரையில் ஏதாவது நடக்கும். உலகில் எங்கெங்கோ இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் ஓய்வு நேரத்தில் அந்த நிரலைப் பார்த்துக்கொள்கிறோம். மைக் பகுதி என்னுடையது. வேறு யாரும் கேட்காததால் என்னிடம் வந்தது. பகலில் நந்தனத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். அந்த வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எண்களுக்கு உரியவன் என் கல்லூரி நண்பன். சாந்தோமில் பரம்பரை பரம்பரையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஆசிரியர், அத்தை ஆசிரியை, இவனும் பள்ளியில் புவியியல் ஆசிரியர். வகுப்பில் சுத்தமான பாடத்தமிழ் பேசுவான். என்னிடம் மட்டும் கல்லூரி வாசல் டீக்கடைத் தமிழ். தசைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகும் நரம்பு நோய் அவனுக்கு வந்தது. முதலில் வலது கையில் சுண்ணக்கட்டி நிற்கவில்லை. ஒன்றரை வருடத்தில் இரண்டு கைகளும் போயின.

அவன் மகள் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கிய கைக்கருவி அந்த வீட்டில் இருந்தது. அவள் கனடாவுக்குப் போன பிறகு அதை இவன் எடுத்துக்கொண்டான். அதில் ஒரே ஒரு விளையாட்டைத்தான் விளையாடுவான். கற்பனைத் தீவு ஒன்றின் வரைபடத்தில் ஊருக்கு ஊர் ரயில் பாதை போடும் விளையாட்டு. அவசரம் கிடையாது, எதிரி கிடையாது. மலையைச் சுற்றிப் போவதா, குடைந்து போவதா என்று யோசித்துக்கொண்டே இருக்கலாம். கைகள் போனபோது பாதை தீவின் நடுவரை வந்திருந்தது. வடக்கு மூலையில் ஓர் ஊர் மிச்சம்.

"வடக்கத்திக்காரன் என்னைத் திட்டிக்கினு இருப்பான் மச்சி. ரயில் வருது வருதுன்னு சொல்லி ஏமாத்திட்டேன்" என்றான்.

அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எமுலேட்டரில் மைக் இருக்கிறது. ஊதுவதையே ஒரு பொத்தானாக வைத்துக்கொள்ளலாம். திரையில் இடம் காட்டும் குறிமுள் வரைபடத்தின் மேல் கட்டம் கட்டமாகத் தானே நகரட்டும். வேண்டிய கட்டத்துக்கு வரும்போது அவன் ஊதினால் அங்கே ஒரு துண்டுத் தண்டவாளம் விழட்டும். இரண்டு முறை ஊதினால் கடைசியாகப் போட்டது அழியட்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடித்தேன். மைக்கிலிருந்து வரும் சத்தம் கணினிக்கு வெறும் எண்தான். பலமாக ஊதினால் பெரிய எண். எந்த எண்ணுக்கு மேல் போனால் 'ஊதினான்' என்று கொள்வது? அந்த வரம்பை நான்தான் வைக்க வேண்டும். முதல் நாள் வைத்தது 5200.

அவன் மனைவி தலையில் ஹெட்செட்டை மாட்டி, மைக்கை உதட்டோரம் வளைத்து வைத்தாள். ஊதினான். மலையடிவாரத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் விழுந்தது.

"அடேயப்பா, இந்த மனுஷன் இருபது வருஷமா இந்த வீட்ல ஒரு அடுப்பு ஊதினதில்லை. பாருங்கண்ணா, ரயிலுக்கு மட்டும் ஊதுறார்" என்றாள் அவள்.

அந்த ஹெட்செட் மலிவானது. சத்தத்தை மிக மெல்லமாகத்தான் எடுத்தது. அதற்காக மைக்கிலிருந்து வரும் எண்ணை நான்கால் பெருக்கும் ஒரு வரியை முன்பே சேர்த்திருந்தேன். பக்கத்தில் குறிப்பு எழுதினேன். என் குறிப்பு என்றால் தேதிதான். பத்து வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். புத்தகம் வாங்கினால் முதல் பக்கத்தில் தேதி. குடையில்கூட வாங்கிய தேதி. அந்த வரியின் பக்கத்திலும் நாள், மாதம், ஆண்டு எல்லாம் சரியாக எழுதியிருந்தேன். எதற்காக என்று எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

அதன் பிறகு ஞாயிறு நாலு மணி என்றால் சாந்தோம். கோட்டூர்புரத்திலிருந்து பஸ்ஸில் போவேன். முதல் வேலை அளவெடுப்பது. மின்விசிறியை நிறுத்திவிட்டு அவனை மூன்று முறை ஊதச் சொல்லி, திரையின் மூலையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்வேன். விசிறி ஓடினால் அதன் காற்றும் மைக்கில் விழும். முழு வேகத்தில் நானூறு வரை காட்டும். "சீக்கிரம் அளந்துட்டு ஃபேனைப் போடு நைனா, மாவு மாதிரி வேகுறேன்" என்பான். சில மாதங்களுக்கு ஒருமுறை அவன் ஊதுவது வரம்பைத் தொடத் திணறும். நான் வரம்பைக் குறைப்பேன். 4100. 3300. பள்ளியில் அரைப் பரீட்சை மதிப்பெண்ணை எட்டிப் பார்க்கும் பையன்போல அவன் எண்ணை மட்டும் பார்ப்பான்.

மருத்துவமனையிலும் ஊதச் சொல்லித்தான் அளந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. என் கணக்கு வாராவாரம். அதனால்தான் அவன் அந்தப் பேச்சை என்னிடம் எடுத்தான். வரம்பு 2600ஆக இருந்த மாதம் அது. மனைவி மாலைப் பூசைக்குப் போயிருந்தாள்.

"மச்சி, ஒண்ணு சொல்றேன், மூஞ்சியத் தொங்கப் போடாம கேளு. பொண்ணு புது வேலைல சேந்துகீறா. வருஷத்துக்கு ஒரு தடவைதான் நீளமா லீவு. ஃபோன்ல நான் இருமினா அவ டிக்கெட் பாக்குறா. சும்மா சும்மா கூப்புட முடியாது. ஒரே தடவ. கரெக்டான டைம்ல."

"அத டாக்டர்கிட்ட கேளுடா."

"டாக்டர் கடவுளக் கைகாட்டுறாரு. ஃபாதர் டாக்டரக் கைகாட்டுறாரு. உன்கிட்டதான் நம்பர் கீது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "ஆயிரத்துக்குக் கீழ போச்சுன்னா கூப்புடலாம். அதுக்கு முன்னாடி வேணாம். அதுக்கு அப்புறமும் லேட் பண்ணக் கூடாது. இன்னா?"

சரி என்றேன். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் '1000' என்று எழுதி வட்டமிட்டேன்.

ஐப்பசியில் எமுலேட்டரின் மைக் பகுதி முழுவதையும் திருத்தி எழுத உட்கார்ந்தேன். நிரல் செய்யும் வேலையை மாற்றாமல், அது எழுதப்பட்டிருக்கும் விதத்தை மட்டும் ஒழுங்குபடுத்தும் வேலை. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி என்று சொல்வார்கள். சரியான ஒப்பு அது இல்லை. சுவர்களை ஒவ்வொன்றாக இடித்து, அதே இடத்தில் அதே சுவரை நேராகக் கட்டுவது. மைக் நிரல் மூன்று வகைக் கணினிகளுக்காக மூன்று இடங்களில் மூன்று பேர் கையால் எழுதப்பட்டுக் கிடந்தது. அதை ஒன்றாக்க வேண்டும். மழை விடாமல் பெய்த வாரம். எங்கள் குடியிருப்பின் வாசலில் அடையாற்றுத் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான் வெளியே போகாமல் உட்கார்ந்து எழுதினேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

மூன்று பிரதிகளையும் வரிவரியாக ஒப்பிட்டபோது ஒன்றில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. எண்ணை நான்கால் பெருக்கும் வரி. பக்கத்தில் என் கையெழுத்துப் போலவே ஒரு தேதி, வேறொன்றும் இல்லை. தேதியைப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முந்தையது. அந்தக் காலத்தில் ஒலி சம்பந்தமான ஏதோ பழைய மென்பொருளில் கோளாறு இருந்ததும், பிறகு அது சரியானதும் நினைவுக்கு வந்தது. அதற்குப் போட்ட ஒட்டாக இருக்கும் என்று நினைத்தேன். மற்ற இரண்டிலும் இல்லையே. வரியை எடுத்தேன்.

சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. முன்பே பதிவு செய்த ஊதல் சத்தக் கோப்புகளைக் கொண்டு சோதித்தேன். அவை அந்த வரி வழியாகப் போவதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. என் வாயாலும் ஊதிப் பார்த்தேன். பொத்தான் உடனே விழுந்தது. திடமான நுரையீரல் உள்ளவன் ஊதினால் நான்கில் ஒரு பங்கே வரம்பைத் தாண்டிவிடும். அதை நான் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெளியிட்டேன். அவன் மடிக்கணினி சனிதோறும் புதிய பதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்; அப்படி அமைத்து வைத்ததும் நான்தான்.

அந்த ஞாயிறு மழை. போகவில்லை. அடுத்த ஞாயிறு கிளம்பும் நேரத்தில் அவன் மனைவி ஃபோன் செய்தாள். "தூங்குறார்ண்ணா, இன்னொரு நாள் வாங்களேன்." மூன்றாம் ஞாயிறும் ஏதோ சொன்னாள். குரல் சரியில்லை என்று பட்டது. மழைக்காலம், சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்த மூன்று வாரமும் எமுலேட்டரின் புகார்ப் பக்கத்தைத் தினமும் பார்த்தேன். மைக்கில் பிழை, எங்கள் பேச்சில் பக், என்று ஒரு புகாரும் இல்லை. 'திருத்தம் வெற்றி. புகார் ஏதும் இல்லை' என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது. கிழிக்கவில்லை.

நாலாம் ஞாயிறு சொல்லாமலே போனேன். மாடிப்படியில் பங்குத் தந்தை இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் சின்ன டப்பா. எனக்கு வழிவிட்டு நின்று, தோளில் தட்டிவிட்டுப் போனார். கதவைத் திறந்தது மகள்.

"நீ எப்பம்மா வந்தே?"

"பத்து நாளாச்சு அங்கிள். அப்பா வரச் சொன்னார்." உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இப்பதான் நோயில் பூசுதல் குடுத்துட்டுப் போறார் ஃபாதர். அப்பாதான் கேட்டார்."

கட்டிலைப் பார்த்தேன். நெற்றியில் பூசுதலின் எண்ணெய் மினுங்கியது; பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் அதைக் கேட்பார்கள். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். மடிக்கணினி அலமாரியின் மேல் மூடிக் கிடந்தது.

நடந்ததை மகள்தான் சொன்னாள். அந்த சனிக்கிழமை வழக்கம்போல ஊதியிருக்கிறான். எதுவும் விழவில்லை. திரும்பத் திரும்ப ஊதியிருக்கிறான். மூலையில் எண் அறுநூறைத் தொடவில்லை. முந்தின ஞாயிறு நான் எழுதிக்கொண்டு போனபோது இரண்டாயிரத்துச் சொச்சம். மனைவியிடம், "அவன்கிட்டச் சொல்லாத. பஸ் புடிச்சு ஓடி வந்து நம்பரக் கொறைப்பான். இன்னும் எவ்ளோதான் கொறைப்பான் பாவம்" என்றானாம். ஆயிரத்துக்குக் கீழே போயாயிற்று என்று, மகளுக்கு அவனே ஃபோன் போடச் சொல்லியிருக்கிறான்.

"நானும் வந்து ஊதிப் பாத்தேன் அங்கிள். எனக்கு நல்லா வேலை செஞ்சுது. அப்பாக்கு மட்டும்தான் இல்ல" என்றாள் மகள். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மடிக்கணினியை இறக்கித் திறந்தேன். ஏன் என்று தெரியாது, பழக்கம். விசிறியை நிறுத்தினேன். ஹெட்செட்டை மாட்டினேன். "ஒரே ஒரு தடவ ஊது மச்சி."

"உட்டுடு நைனா."

"ஊதுடா."

ஊதினான். 560. நாட்குறிப்பைப் புரட்டினேன். கடைசியாக நான் அளந்த ஞாயிறு: 2240.

இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்நூற்று அறுபதை நான்கால் பெருக்கினால் சரியாக இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. நாலு வருடமாக அவன் நோயை அளக்கிறேன். அது இவ்வளவு சுத்தமாக வகுபடாது. அப்போதுதான் தேதி மட்டும் எழுதிய அந்த வரி ஞாபகம் வந்தது. எதற்காக எழுதினேன் என்பதும் வந்தது. மலிவான ஹெட்செட். இதே ஹெட்செட்.

"மச்சி" என்றேன். "உன் மூச்சுக்கு ஒண்ணும் ஆகலடா. நான்தான் ஒரு வரிய எடுத்துட்டேன்."

வரியைத் திரும்பச் சேர்த்து மறுபடி ஊதச் சொன்னேன். மேட்டு நிலத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் விழுந்தது. இருபத்திரண்டு நாட்களுக்குப் பிறகு.

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. "டேய்... படுபாவி... ஃபாதர் பூசினத இன்னாடா பண்றது?"

"அது இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நோயில கீறவங்களுக்குக் குடுக்கறதுதான. ஒண்ணும் வீணாப் போவாது. இவருக்குப் பூசலாம் மிச்சம்." என்னைக் காட்டினாள்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "எத்தன நாள் அங்கிள் இப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். தலையாட்டினாள். செவ்வாய்க்கிழமை திரும்பிப் போக வேண்டும் அவள். நீள விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அப்பாவின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். என்னிடம், "பாத்துக்கங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நிரலில் அந்த வரிக்கு மேல் இப்போது ஆறு வரிக் குறிப்பு இருக்கிறது. எந்த ஹெட்செட், எவ்வளவு மெல்லமாக எடுக்கிறது, எடுத்தால் என்ன ஆகும். பழைய காலத்து நாட்குறிப்பாளர்கள் பலரைப் படித்திருக்கிறேன். கப்பல் வந்த நாளை விடாமல் எழுதியிருப்பார்கள். அதில் யார் அழுதுகொண்டே ஏறினார்கள் என்று எழுத மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி ஓரக்குறிப்பு எழுதியவன் நான்.

மார்கழி முதல் சித்திரை வரை நல்ல மாதங்கள். வடக்கே போகும் பாதையில் ஓர் ஏரி குறுக்கிட்டது. பாலம் போடுவதா, சுற்றிப் போவதா என்று மூன்று ஞாயிறுகள் விவாதித்தோம். சுற்றித்தான் போனான். "பாலத்துக்கு டெண்டர் உட்டா உன்ன மாதிரி எவனாவது ஒரு கல்ல உருவிடுவான்" என்றான். எண் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது, இந்த முறை மெதுவாக, வகுபடாமல். வைகாசியில் ஆயிரத்தைக் கடந்து கீழே போனது. மூன்று முறை அளந்தேன். அதே வகையில் வேறு ஹெட்செட் வாங்கி அளந்தேன். பிறகு மகளிடம் சொன்னோம். விடுமுறை கேட்டாள். ஏற்கெனவே எடுத்தாயிற்று, ஒரு வருடம் ஆகட்டும், நவம்பரில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நவம்பர் வரைக்கும் தாங்கும், தாங்கும் என்று அவன்தான் அவளைத் தேற்றினான். வரம்பை 800 ஆக்கினேன்.

ஆடி முடிகிற ஞாயிறு. பேச்சு அநேகமாக நின்றிருந்தது. ஒரு சொல், பிறகு ஒரு மூச்சு, பிறகு ஒரு சொல். நான் நுழைந்ததும் கண்ணால் மடிக்கணினியைக் காட்டினான். மனைவி சொன்னாள்: "வியாழக்கிழமைலேருந்து விழ மாட்டேங்குதுண்ணா. நீங்க மறுபடி ஏதோ மாத்திட்டீங்களாம். வரட்டும் அவன்னு கறுவிக்கினு கீறார்."

நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. மூன்று மாதமாக மைக் பகுதியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஆசை வந்தது. இன்னொரு வரியை எடுத்துத் தொலைத்திருக்க மாட்டேனா என்று தேடினேன். விசிறியை நிறுத்தி அவனை ஊதச் சொன்னேன். 400. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, மைக்கை என் வாய்க்கு இழுத்து ஊதினேன். எண் வழக்கம்போல உச்சியில் போய் முட்டியது. எல்லாம் சரியாக இருந்தது.

"ஆமா மச்சி" என்றேன். "போன வாரம் ஒண்ணு மாத்தினேன். சொதப்பிடுச்சு. இரு."

சாப்பாட்டு மேசைக்கு எடுத்துப் போய் வரம்பை 350 ஆக்கினேன். இதற்குக் கீழே எண் கிடையாது. அறையின் சத்தமே அங்கேதான் இருக்கிறது. திரும்ப வந்து ஹெட்செட்டை மாட்டினேன். வேர்த்திருந்தான். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், எப்போதும் நாங்கள் நிறுத்தி வைக்கும் விசிறியை முழு வேகத்தில் திருகிவிட்டு வந்தாள்.

தண்டவாளங்கள் விழ ஆரம்பித்தன. ஒன்று வயலில். ஒன்று பாறை மேல். ஒன்று ஏரிக்கரையில் கோணலாக. அவனும் உதட்டைக் குவித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் மூச்சும் விசிறியின் காற்றும் ஒரே எண்ணில் வந்து நின்றன. பத்து நிமிடம் போல மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் உதடுகள் வேறு மாதிரி அசைந்தன. குனிந்தேன்.

"பொண்ணுக்கு... சொல்லிடு. இந்தத் தடவ... பக் இல்ல."

அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஒருமுறை தப்பாகக் கூப்பிட வைத்தவன்; இரண்டாம் முறை உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது? ஞாயிறு இரவு பழைய பதிப்பை இன்னொரு கணினியில் ஏற்றினேன். திங்கள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அதை எடுத்துப் போய் மறுபடி அளந்தேன். 390. செவ்வாய் அதே வகையில் வேறு ஹெட்செட். 380. செவ்வாய் மாலை மகளுக்கு எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "வேலைய விட்டுட்டு வரேன் அங்கிள். ஆனா ஷ்யூரா? புரோகிராம் இல்லையே?"

"இல்லம்மா. எல்லா விதத்திலயும் பாத்துட்டேன்."

அவள் புதன்கிழமை கிளம்பினாள். அவன் வியாழன் மத்தியானம், ஒரு மணிக்குச் சில நிமிடம் முன்பாகப் போனான். அவள் வெள்ளி இரவு வந்து இறங்கினாள். அதுவரை கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். இரண்டு நாள் முன்னால் எழுதியிருந்தால் புதன் இரவே வந்திருப்பாள். கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசியில் சோதிக்க வேண்டிய முறையில் சோதிக்கவில்லை. ஆடியில் சோதித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பூசைக்குப் போய் வந்த பிறகு, மகள் மடிக்கணினியைக் கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரைபடத்தைத் தெற்கிலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தாள். கடற்கரை, நடு ஊர்கள், மலைச் சுற்று, ஏரிச் சுற்று. எல்லாம் நிதானமாக, அழகாகப் போட்ட பாதை. ஏரி தாண்டியதும் கலைந்து கிடந்த துண்டுகள். வயலில், பாறையில், தண்ணீருக்குள்.

"இது என்ன அங்கிள்?"

நான் பதில் சொல்லுமுன் அவள் அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்: "அது நம்ம ஃபேன் போட்டதுடி."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். 350, விசிறி, அந்த ஞாயிறு, அதன் பிறகான இரண்டு நாள். எதையும் விடவில்லை. அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். கலைந்த துண்டுகளின் நடுவே ஓரிடத்தில் விரலை வைத்தாள். அங்கே மூன்று துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நேராக, வடக்குப் பார்த்து இருந்தன. அந்த ஊருக்கு இன்னும் ஐந்து கட்டம் பாக்கி.

"இதும் ஃபேனா? ஃபேன் இவ்ளோ நேராப் போடுமா?"

நிரல் ஒவ்வொரு ஊதலையும் நேரத்தோடு பதிந்து வைக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவேன், நான் எழுதியதுதான். முந்தின நாளே எடுத்துப் பார்த்திருந்தேன். அந்த மூன்று துண்டுகளுக்கும் எண்கள் 402, 396, 399. முன்னும் பின்னும் உள்ள எல்லாவற்றுக்கும் அதே மாதிரி எண்கள்தான். எது மூச்சு, எது காற்று என்று பிரிக்க அதில் வழியே இல்லை.

"ஃபேன் போடாதும்மா" என்றேன்.

அவள் அந்த மூன்று துண்டுகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மூடினாள். அன்றைய பக்கத்தில் தேதி எழுதி, கிழமை எழுதி, நான் சொன்னதை அப்படியே எழுதினேன். கீழே காரணமும் எழுதினேன்: எனக்குத் தெரியாது, இருந்தாலும் சொன்னேன்.